பிள்ளை பார்க்க ஆள் வைத்தால் எவ்வளவு? தனியாக ஒரு கணக்கு, இரண்டு வீடு சேர்ந்தால் இன்னொரு கணக்கு

கோமாரியில் பிள்ளை பார்க்க ஒருவரை அமர்த்தும் பேச்சு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளைக்கு எத்தனை மாதம், பால்மாவா தாய்ப்பாலா என்று கேட்பார்கள். சம்பளம் என்று வரும்போது மட்டும் இரண்டு பக்கமும் கூச்சப்படும். "பார்த்துக் குடுங்க மகள்" என்பார் வந்தவர். "குறையில்லாமத் தருவன் அக்கா" என்பார் அமர்த்துகிறவர். மூன்றாம் மாதம் அவர் திடீரென்று வராமல் விடும்போதுதான், அந்தப் "பார்த்து" என்ற சொல்லுக்கு இருவரும் வேறு வேறு தொகை வைத்திருந்தது தெரியவரும்.

இந்தக் கட்டுரை அந்தத் தொகையைப் பற்றியது. நான் மாதச் சம்பளம் இல்லாமல், எழுதும் கட்டுரைக்குக் காசு வாங்குகிற சுயாதீன ஊடகவியலாளர். என் வீட்டுக்காக ஒரு கொப்பியில் போடத் தொடங்கிய கணக்கு இது. பிறகு திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று போகும் இடங்களில் ஆசிரியைகள், தாதியர், வங்கியில் வேலை செய்கிறவர்கள், பிள்ளை பார்க்கிற அக்காமார், ராத்தாமார் ஆகியோரிடம் கேட்கக் கேட்கக் கணக்கு விரிந்தது. கீழே வரும் தொகைகளில் சட்டம் சொல்பவை எவை, நான் உதாரணத்துக்கு வைத்தவை எவை என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அம்மம்மா பார்த்தால் செலவில்லையா?

அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு சமூகத்திலும் கலியாணம் முடித்த மகள் தாய் வீட்டை விட்டுத் தூரம் போவதில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் ஒரே வளவுக்குள் தாய், மகள், மகளின் தங்கச்சி என்று மூன்று வீடு நிற்கும். பிள்ளை பிறந்தால் அம்மம்மா, முஸ்லிம் வீடென்றால் மூத்தம்மா, பார்த்துக்கொள்வார். ஆள் வைப்பது என்ற பேச்சே இந்த ஊர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாததற்கு இதுதான் காரணம்.

அந்த ஒழுங்கு பல வீடுகளில் இப்போது இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பல வெவ்வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்து போயின. தாய் ஒரு கிராமத்தில், மகள் இன்னொரு கிராமத்தில். சில வீடுகளில் அம்மம்மாவே ஐம்பது வயதில் வேலைக்குப் போகிறார். சிலர் வெளிநாட்டில் இன்னொருவரின் பிள்ளையைப் பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கிறவருக்கோ பிரஷர், சீனி, முழங்கால் நோ. கிளினிக் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் ஒருவர் வேண்டும். பத்து மாதப் பிள்ளையைத் தூக்கித் திரிய அவரால் முடிகிறதா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

பிள்ளை பார்ப்பதற்கு விலை இல்லை என்று நாங்கள் நினைப்பது, அந்த விலையை இவ்வளவு காலமும் வீட்டுக்குள் ஒரு பெண் சத்தமில்லாமல் கொடுத்து வந்ததால்தான். கூலிக்குப் பிள்ளை பார்ப்பது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 233ஆம் வசனம், பிள்ளைக்குப் பாலூட்ட வேறொரு பெண்ணை அமர்த்தினால் அவருக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற பொருளில் பேசுகிறது.

எப்போது தேவை வருகிறது

தனியார் துறையில் பிரசவ விடுமுறை 84 நாட்கள். மூன்றாம் பிள்ளையிலிருந்து குறைந்த நாட்களே என்றிருந்த பழைய ஏற்பாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களோடு போய்விட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாட்கள்தான். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். அதற்குப் பிறகு விரும்பினால் அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், சம்பளமின்றி இன்னொரு 84 நாட்கள் எடுக்கலாம்.

இந்த இரண்டாம், மூன்றாம் கட்டங்களைச் செலவில்லாத வழி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அரைச் சம்பளத்தில் நிற்கும்போது இழக்கும் மறுபாதிதான் அந்தக் காலத்தில் உங்கள் பிள்ளை பராமரிப்புச் செலவு. மாதம் 60,000 ரூபா வாங்குகிறவர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 30,000 ரூபா அப்படிப் போகிறது. பிள்ளை மார்போடு இருக்க வேண்டிய மாதங்களில் அது நல்ல செலவுதான். ஆனால் அது செலவு என்று தெரிந்து எடுப்பது நல்லது.

இன்னொன்று. ஆளுக்குக் கொடுக்கும் காசைத் தாயின் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டு, "உழைக்கிறது எல்லாம் அதுக்கே போகுது, வேலையை விடு" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிள்ளை இருவருக்கும் பிறந்தது. எனவே செலவை இருவரின் வருமானத்தையும் கூட்டிய தொகையிலிருந்து கழிக்க வேண்டும். வேலையை விடுகிறவர் இழப்பது அந்த மாதச் சம்பளத்தை மட்டுமல்ல. சம்பள ஏற்றங்கள், பதவி உயர்வு, ஊழியர் சேமலாப நிதி, அரச வேலையென்றால் ஓய்வூதியம் எல்லாம் அதோடு போகும். பிள்ளை பார்க்க ஆள் தேவைப்படுவது மூன்று அல்லது நான்கு வருடம். இழந்த ஓய்வூதியம் ஆயுள் முழுக்க இல்லாமல் போகும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் வீட்டு வேலையாட்களைக் குறிப்பாகப் பேசும் சட்டம் 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம். வேலைக்காரரைப் பதிந்து கண்காணிப்பதற்காகக் குடியேற்ற ஆட்சி கொண்டுவந்தது அது. சம்பளம் எவ்வளவு, ஓய்வு எப்போது என்று கேட்கிற சட்டம் அல்ல.

பிறகு வந்த சட்டங்கள் பெரும்பாலும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் வீட்டு வேலையாட்களை வெளியே விட்டது. ஊழியர் சேமலாப நிதியமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் தனியார் வீட்டில் வேலை செய்கிறவருக்கு இல்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அவரைச் சேர்க்கவில்லை. வீட்டுப் பணியாளருக்குக் கண்ணியமான வேலை வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்புறுதி செய்யவும் இல்லை.

அப்படியானால் சம்பளத்துக்கு அளவுகோல் எது? கடையில், தொழிற்சாலையில் நிற்கிற ஒருவருக்குச் சட்டம் எதைக் கொடுக்கச் சொல்கிறதோ அதையே நான் தரையாக வைத்தேன். ஆகக்குறைந்த மாத வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாட்கூலி 1,200 ரூபா. புடைவைக் கடையில் சீலை மடிக்கிற பெண்ணுக்கு இந்தத் தொகைக்குக் குறைத்துக் கொடுத்தால் முதலாளி சட்டத்தை மீறுகிறார். உங்கள் பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவரின் வேலை அதைவிடக் குறைந்த பொறுப்பு என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டார்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு இருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. "மலையகத்தில் இருந்து ஒரு பிள்ளையை எடுத்துத் தாறன்" என்று சொல்லும் தரகர்கள் இந்தக் கரைக்கும் வருவார்கள். ஒரு பிள்ளையைப் பார்க்க இன்னொரு பிள்ளையை வைக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். அப்படி எங்காவது ஒரு சிறுமியைக் கண்டால் அறிவிக்க வேண்டிய இலக்கம் 1929.

30,000 ரூபா 47,850 ஆவது எப்படி

காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை, மாதம் 25 நாட்கள், ஒரு பிள்ளை. இதுதான் உதாரணம்.

- மாதச் சம்பளம்: 30,000 ரூபா.
- சேமலாப நிதிக்கு ஈடு: ஒரு நிறுவனம் ஊழியருக்காகச் சேமலாப நிதியத்துக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதமும் கட்டும். அந்த 15 வீதம் 4,500 ரூபா.
- விடுமுறைக் காலப் பதில் ஆள்: கடை, அலுவலக ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உண்டு. அந்த 21 நாட்களுக்கும் அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே வேறொருவரை நாளுக்கு 1,200 ரூபாவுக்குக் கூப்பிட்டால் வருடத்துக்கு 25,200. மாதத்துக்குப் பிரித்தால் 2,100 ரூபா.
- பெருநாள், தீபாவளி, நத்தார்க் காசு: வருடத்தில் ஒரு மாதச் சம்பளம் என்று வைத்தால் மாதத்துக்கு 2,500 ரூபா.
- பகல் சாப்பாடும் இரண்டு தேநீரும்: நாளுக்கு 250 ரூபா என்று வைத்தேன். மாதம் 6,250 ரூபா.
- பஸ் காசு: நாளுக்கு 100 ரூபா என்று வைத்தேன். மாதம் 2,500 ரூபா.

கூட்டினால் 47,850 ரூபா. வாயால் பேசிய தொகையைவிட ஏறத்தாழ 18,000 கூட. பக்கத்து ஒழுங்கையில் இருந்து நடந்து வருகிறவர் என்றால் பஸ் காசு குறையும். வீட்டில் சமைத்ததில் அவருக்கும் ஒரு பங்கு என்றால் சாப்பாட்டுச் செலவு குறையும். மற்றவை குறையாது.

இதில் வீடுகள் வழக்கமாக விட்டுவிடுவது இரண்டாவது வரியைத்தான். சேமலாப நிதியம் அவரை ஏற்காது என்பதால் அந்தக் காசு தேவையில்லை என்றாகிவிடாது. அவருக்கும் முதுமை வரும். இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை சுயதொழில் செய்கிறவர்களுக்கும் நிரந்தர ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். இல்லையென்றால் அவர் பெயரில் ஒரு வங்கிச் சேமிப்புக் கணக்கு. மாதம் 4,500 ரூபா என்றால் நான்கு வருடத்தில் வட்டி இல்லாமலே 216,000 ரூபா. உங்கள் பிள்ளை பாடசாலைக்குப் போகும் நாளில், அவருக்கு வேலை முடிகிற நாளில், கையில் அது இருக்கும்.

மேலதிக நேரமும் சேர்த்துப் பேசுங்கள். நாட்கூலி 1,200 என்றால் மணிக்கு 150. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, 225 ரூபா. பாடசாலைக் கூட்டம், பஸ் பிந்தியது என்று வாரத்தில் நான்கு மணித்தியாலம் கூடினால் மாதம் 3,600 ரூபா. பொத்துவில், கோமாரிப் பக்கத்தில் பொழுது பட்டால் றோட்டில் யானை நிற்கும். ஐந்து மணிக்கு மேல் அவரை மறித்தால் ஆட்டோவில் அனுப்புவதும் உங்கள் செலவுதான்.

இரண்டு வீடு சேர்ந்தால்

47,850 ரூபாவைத் தனியாகத் தாங்கக்கூடிய வீடுகள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. அதனால் நடப்பது, சம்பளத்தை 15,000க்கோ 18,000க்கோ இழுப்பது. அவர் இரண்டு மாதம் வருவார். அறுகம்பையில் சீசன் தொடங்கினால் விடுதிக்கு உடுப்புக் கழுவப் போவார். அல்லது வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட் எடுப்பார். போகிறவரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்கு வேறு வழி பகிர்வது. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு, இரண்டு பிள்ளைகள், ஓர் ஆள். நானும் அரச பாடசாலையில் படிப்பிக்கிற ஓர் அயலவரும் இப்படித்தான் செய்கிறோம். இதில் பலர் தடுமாறும் இடம் சம்பளம். இரண்டு பிள்ளை என்றால் இரண்டு மடங்கா, அல்லது அதே 30,000 ரூபாவை ஆளுக்கு 15,000 என்று பிரிப்பதா?

இரண்டாவது வழி அநியாயம். இரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, நித்திரையாக்குவது வேலையைக் கூட்டும். முதலாவது வழியில் சேர்வதால் எந்த வீட்டுக்கும் மிச்சமில்லை. தனி ஆளின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுவது இரு பக்கமும் ஏற்கக்கூடிய அளவு என்பது என் அனுபவம். அந்தக் கணக்கு இப்படி வரும்:

- மாதச் சம்பளம்: 40,000 ரூபா.
- 15 வீத ஈடு: 6,000 ரூபா.
- பதில் ஆள், நாளுக்கு 1,600 வீதம் 21 நாள்: மாதத்துக்கு 2,800 ரூபா.
- பண்டிகைக் காசு: மாதத்துக்கு 3,333 ரூபா.
- சாப்பாடு: 6,250 ரூபா.
- பஸ்: 2,500 ரூபா.

மொத்தம் 60,883 ரூபா. ஒரு வீட்டுக்குச் சுமார் 30,440. தனியாக வைத்தால் வரும் 47,850 ரூபாவோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 17,400 அளவில் மிச்சம். அதே நேரத்தில் பிள்ளை பார்க்கிறவருக்குப் பத்தாயிரம் ரூபா கூட. ஒருவரை முறையாக வைப்பதற்கான முழுச் செலவும் ஆகக்குறைந்த வேதனம் அளவுக்கு இறங்கி வருவது இந்த ஒரு வழியில்தான்.

இரண்டு பிள்ளையோடு நிறுத்த வேண்டும். மூன்றாவது வீடும் கேட்டு வரும், ஆளுக்கு இன்னும் குறையும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் தவழுகிற வயதில் மூன்று பிள்ளைகளை ஒருவர் பார்க்க முடியாது. கிணற்றுக் கட்டும் அடுப்பும் உள்ள வளவில் அது ஆபத்து.

பகிர்வில் தகராறு வரும் இடங்கள்

முதலாவது, யார் வீட்டில் என்பது. ஒரே வீட்டில் வைத்தால் அந்த வீட்டுக்கு மின்சாரம், தண்ணீர், காஸ், சோப், எல்லாம் கூடப் போகும். நாங்கள் மாதம் மாறி மாறி வைக்கிறோம். மாற முடியாதென்றால், வீடு கொடுப்பவரின் பங்கில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பாடசாலை விடுமுறை. எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் இது. தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விடுமுறை வரும்போது, முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பு மாதத்தை வைத்து நகர்கிறது. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் தமிழ்த் தெருவும் முஸ்லிம் தெருவும் அடுத்தடுத்து இருப்பதால், தமிழ்ப் பாடசாலை ஆசிரியையும் முஸ்லிம் பாடசாலை ஆசிரியையும் ஓர் ஆளைப் பகிர்வது நடக்கக்கூடியதே. ஒருவர் வீட்டில் இருக்கும் மாதத்தில் மற்றவர் வேலைக்குப் போவார். "இந்த மாதம் நான் பார்க்கிறன், என் பங்கு வேண்டாம்தானே" என்ற கேள்வி அங்கேதான் எழும்பும். பதில், வேண்டும். விடுமுறைக்குச் சம்பளத்தை நிறுத்தி வருடத்தில் பத்து மாதம் மட்டும் கொடுத்தால், 30,000 என்று பேசியது உண்மையில் 25,000தான். இரண்டு நாட்காட்டிக்கும் நடுவில் பிள்ளை பார்க்கிறவருக்குத் தொடர்ந்த ஓய்வே கிடைக்காமல் போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். அவருடைய 14 நாளை எப்போது எடுப்பார் என்று வருடத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

மூன்றாவது, சாப்பாடும் நோன்பும். இரு சமூக வீடுகள் சேர்ந்தால் பிள்ளைக்கு எந்த வீட்டில் என்ன சமைப்பது, ஹலால் எப்படி என்று முதல் நாளே பேசிவிட்டால் பிறகு மனத்தாங்கல் இல்லை. நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும்பி, பகல் முழுக்கப் பட்டினியோடு பிள்ளை தூக்குகிற ராத்தாவுக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள். பண்டிகைக் காசு எந்தப் பண்டிகைக்கு என்ற கேள்விக்கும் எளிய விடை உண்டு. அவருடைய பண்டிகைக்கு.

நான்காவது, நோய். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அல்லது கொப்புளிப்பான் என்றால் அந்தப் பிள்ளை தன் வீட்டில் நிற்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் லீவு எடுக்க வேண்டும். அந்த நாட்களுக்கும் பங்கு மாறாது.

ஐந்தாவது, ஒரு வீடு விலகுவது. இடமாற்றம் வரும், அம்மம்மா ஊரில் இருந்து வந்துவிடுவார். ஒரு வீடு போனால் மற்ற வீடு 40,000 ரூபாவைத் தாங்காது, பிள்ளை பார்க்கிறவரின் வருமானம் ஒரே நாளில் பாதியாகும். ஒரு மாத முன்னறிவித்தல் என்று எழுதுவதோடு, தொடக்கத்திலேயே ஒவ்வொரு வீடும் ஒரு மாதப் பங்கான 20,000 ரூபாவை வைப்பாக ஒதுக்கினால் அந்த அடி குறையும். எங்கள் வீடுகள் இரண்டும் அதைச் சீட்டுக் காசில் இருந்து எடுத்து வைத்தன.

அரை நாள், இரவு, தங்கி நிற்பவர்

பாலர் பாடசாலை பதினொன்றரைக்கு விடும். ஆசிரியை வீடு வர இரண்டு, இரண்டரை. இந்த மூன்று மணித்தியாலத்துக்கு மட்டும் ஆள் தேடுகிறவர்கள் அதிகம். மணிக்கு 150 என்றால் 450 ரூபா. அதற்காக ஒருவர் தன் பகலை உடைத்துக்கொண்டு வர மாட்டார். குறைந்தது அரை நாள் கூலி 600 என்று பேசுவது நியாயம். 20 நாளுக்கு 12,000 ரூபா.

கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகளின் தாதியருக்குச் சிக்கல் வேறு. இரவு முறை. இரவில் வந்து நிற்கிறவர் நித்திரை கொள்கிறார்தானே என்று சம்பளத்தைக் குறைப்பார்கள். இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் எழும்புவது அவர்தான். இரவுக்கு ஒரு நாட்கூலி முழுதாகக் கொடுக்க வேண்டும். முறை மாறும் இரண்டு தாதியர் சேர்ந்து, ஒருவர் வேலைக்குப் போகும் இரவு மற்றவர் இரு பிள்ளையையும் பார்ப்பது காசில்லாத பகிர்வு. அதிலும் யார் எத்தனை இரவு பார்த்தார் என்று குறித்து வைப்பது நட்பைக் காக்கும்.

தங்கி நிற்பவருக்குச் சாப்பாடும் இடமும் கொடுக்கிறோம் என்று சொல்லிச் சம்பளத்தில் கழிக்க வேண்டாம். அவர் உங்கள் வீட்டில் தங்குவது உங்கள் வசதிக்கு. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, கதவு பூட்டக்கூடிய அறை, கைத்தொலைபேசி அவர் கையில். இம்மூன்றும் குறைந்த தேவைகள்.

தெரிந்தவரா, பழகியவரா

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை இந்த மாகாணத்தில் அறியாதவர் இல்லை. 2005இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு, வீட்டு வேலைக்கென்று சவூதிக்குப் போனார். அங்கே நான்கு மாதக் குழந்தைக்குப் பாலூட்டும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்று அவர் தரப்புச் சொன்னது. கொலை என்று தீர்ப்பானது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரது பிறப்புச் சான்றிதழின்படி சம்பவம் நடந்தபோது வயது 17.

வறுமையும் தரகரும் அந்நிய நாட்டு நீதியும் அந்தக் கதையில் உண்டு. செலவுக் கணக்குப் போடும் எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. வீட்டைக் கூட்ட வந்தவரிடம் கைக்குழந்தையையும் கொடுப்பது உலகெங்கும் நடக்கிறது. நம் வீட்டிலும் நடக்கிறது. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்க வைப்பது, தொண்டையில் ஏதும் அடைத்தால் என்ன செய்வது, காய்ச்சலில் வலிப்பு வந்தால் எப்படிக் கிடத்துவது, யாருக்கு முதலில் அழைப்பது. இவற்றை முதல் வாரமே சொல்லிக் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளை பார்க்க வீட்டுக்கு வரும் நாளில் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள். அந்த முதல் வாரம் நீங்களும் வீட்டில் நின்று, அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். இது ஒரு வாரச் சம்பளச் செலவு. தவிர்க்கக் கூடாத செலவு.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வீட்டுப் பணிக்குப் போகும் பெண்ணுக்குப் பயிற்சி, பதிவு, ஒப்பந்தம், காப்புறுதி எல்லாம் வேண்டும் என்கிறது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயைப் போகவிடாமல் தடுத்தது. பொருளாதார நெருக்கடியில் 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. அதே பெண் அதே வேலையைக் கல்முனையில் செய்தால் பயிற்சியும் கேட்பதில்லை, ஒப்பந்தமும் கேட்பதில்லை. வெளிநாட்டில் பிள்ளை பார்த்துத் திரும்பியவர்கள் இந்தக் கரையில் நிறைய இருக்கிறார்கள். அனுபவமுள்ள ஆள் இல்லை என்பது உண்மையில்லை. அந்த அனுபவத்துக்கு இங்கே விலை கொடுக்கப்படுவதில்லை.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எழுத்தில் வைத்தால் உறவு கெட்டுவிடும் என்று இரண்டு பக்கமும் பயப்படும். நான் கண்டது, எழுதாத வீடுகளில்தான் உறவு கெடுகிறது. ஒரு கொப்பியின் முதல் பக்கம் போதும். இரு வீட்டாரும் அவரும் கையொப்பம் வைத்து, அவருக்கும் ஒரு பிரதி.

- வரும் நேரம், போகும் நேரம், மாதத்தில் எத்தனை நாள்.
- வேலை எது: பிள்ளைக்குச் சமைப்பது, பிள்ளையின் உடுப்புக் கழுவுவது. வீடு கூட்டுவது, பெரியவர்களுக்குச் சமைப்பது சேருமா இல்லையா. சேர்ந்தால் எவ்வளவு கூட.
- சம்பளத் தொகையும் திகதியும். எந்த வீடு எவ்வளவு, யார் கையில் கொடுப்பது.
- 15 வீதம் எந்தக் கணக்குக்குப் போகிறது.
- விடுமுறை, நோய் நாள், பண்டிகை.
- முற்பணம். அவசரத்துக்குக் கடன் கேட்பார், கொடுக்க வேண்டியும் வரும். மாதம் எவ்வளவு கழிப்பது என்று எழுதுங்கள். கடன் முடியும்வரை போக முடியாது என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். அது கொத்தடிமை.
- பிள்ளையை யார் வந்து கூட்டிப் போகலாம்.
- இரு பக்கமும் ஒரு மாத முன்னறிவித்தல்.

அஸ்வெசும எடுக்கிற குடும்பமாக இருந்தால் வருமானத்தை எழுத்தில் போட அவர் தயங்கலாம். மறைத்து நடத்த வேண்டாம். முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கொடுப்பனவை இழந்தால் அதை ஈடுசெய்கிற சம்பளமா நீங்கள் கொடுப்பது என்று பாருங்கள்.

அமர்த்தும் முன் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் தேசிய அடையாள அட்டைப் பிரதியும் கேட்கலாம். முன்பு பிள்ளை பார்த்த வீட்டோடு ஒரு தடவை பேசலாம். அதேபோல் அவரும் உங்கள் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார். விசாரிக்கட்டும்.

இந்தத் தொகையும் முடியாவிட்டால்

30,440 ரூபாவும் தாங்காத வீடுகள் பல. அவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பகல்நேரப் பராமரிப்பு நிலையம். அங்கே சேர்க்கும் முன் பதிவு இருக்கிறதா, ஒருவர் எத்தனை பிள்ளையைப் பார்க்கிறார், படலைக்குக் கொக்கி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு, நாட்களைக் குறைப்பது: வாரத்தில் மூன்று நாள் ஆள், இரண்டு நாள் அம்மம்மா. மூன்று, அம்மம்மாவையே கேட்பது, ஆனால் இலவசமாக அல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்க நினைத்த தொகையில் பாதியையாவது மாதா மாதம் அவர் கையில் வைப்பது. வாங்க மாட்டேன் என்பார். அவருடைய வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.